கெட்டி ஆயில்

கண்ணு, இதைக் கையால் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போனில் பேசினால் நடுவில் கத்திவிடுவேன் என்ற பயம்தான். போன வாரம் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஊட்டுக்கெல்லாம் வரலீங்கம்மா. நீங்க நேரா ஓசூருக்கு வந்துருங்க. கோயில்லயே பாத்துக்கலாம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபம். பதிலுக்கு நாலு வார்த்தை போட்டு, அழுது, ஒரு மணி நேரத்தில் சமாதானமாகியிருப்பேன். நீயோ யாரோ பார்சல் ஆபீஸ்காரரிடம் பேசுவது போலப் பேசினாய். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கட்டிக்கொள்ளப்போகிற நிர்மலாவை, நீ பிறந்து வளர்ந்த இந்த ஏற்காட்டு வீட்டுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலும் கூட்டி வரப்போவதில்லை, பின்னாலும் கூட்டி வரப்போவதில்லை. அதைத்தான் அத்தனை மரியாதையாகச் சொன்னாய். சரி சாமி என்று போனை வைத்துவிட்டேன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது போன மாதம் சேலத்தில் ஒரு பட்டறையில் முழுசாகத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். புத்திமதி எதுவும் சொல்லப்போவதில்லை என்று எழுத ஆசை, ஆனால் நடுவில் எங்காவது வந்துவிடும். நாக்கு அப்படிப் பழகிவிட்டது. எல்லாவற்றிலும் நான் சொன்னதே சரி என்று இருந்து இருந்து களைத்துப்போய்விட்டேன், கண்ணு. முழங்கால் வேறு வலிக்கிறது. சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

உன் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, உனக்கு ஒன்பது வயதில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். எனக்கு அவர் விட்டுப்போனது எஸ்டேட் ஜீப்பில் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஒன்றுதான். அதை வைத்துத்தான் பள்ளிக்கூட வேனுக்கு டிரைவரானேன். அப்போது இந்த மலையில் வேன் ஓட்டுகிற பொம்பளை நான் ஒருத்திதான். ஒண்டிக்கடை ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினால் வேடிக்கை பார்க்க நாலு பேர் நிற்பார்கள். எப்போது கவிழ்ப்பாள் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும். பின்னால் முப்பது பிள்ளைகள். வண்டிக்குள் ஒரு குரல்தான் இருக்க வேண்டும், அது என் குரலாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்துக்கொண்டேன். வேனில் அந்தச் சட்டம் நல்லதுதான், ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. வேனை விட்டு இறங்கும்போது அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்து உன் தலையில் வைத்தேன்.

அந்த டீசல் வேனுக்கு நான் ஊற்றியது கெட்டி ஆயில். மலை ஏறுகிற வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்பது நம் ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோருக்கும் வேதவாக்கு. லேசான ஆயில் ஏற்றத்தில் சூடாகித் தண்ணீராகிவிடும், எஞ்சின் தேய்ந்துபோகும் என்பார்கள். வேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகலாம் என்று அந்தப் பழைய பெட்ரோல் காரை வாங்கியபோதும் அதையேதான் ஊற்றினேன். நீ ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவில் வந்தபோது, எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவை கையில் ஒரு ஆயில் கேனோடு வந்தாய்.

"அம்மா, இது பழைய வேன் இல்லீங்க. இந்த எஞ்சின்ல ஆயிலு தேய்மானத்துக்கு மட்டும் இல்லீங்க, உள்ள ஒரு வேலையே அதுதான் செய்யுது. புக்குல போட்டிருக்கற ஆயில்தான் ஊத்தோணும்."

"டிப்ளமா படிச்சுப்போட்டு எனக்கு மலை வண்டி சொல்லித்தர்றியாக்கும்? இதென்னடா இது, தண்ணியாட்ட இருக்குது! கொண்டுபோயி வாசக் கேட்டுக்கு உடு."

நீ கேட்டுக்கு ஊற்றவில்லை. கேனைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாய். நான்தான் வீம்புக்கு அதை எடுத்துக் கேட்டின் கீலுக்கெல்லாம் ஊற்றினேன். செம்மநத்தம் ரோட்டில் பாதி தூரத்துக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்த கேட் அது. அன்றைக்கு வாயை மூடியது, இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை. மிச்சத்தைத் தையல் மிஷினுக்கு விட்டேன். பார்த்தாயா, அதுக்குத்தான் லாயக்கு என்று போனில் உன்னிடமே சொல்லிச் சிரித்தேன்.

கொஞ்ச நாளில் காலைப் பனியில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு நொடிதான், பிறகு அடங்கிவிடும். நான் அதற்கு முன்னைவிடக் கெட்டியான ஆயிலாகப் பார்த்து வாங்கி ஊற்றினேன். சத்தம் குறைந்தது போல இருந்தது. அப்புறம் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. வண்டி ஓடுகிறதே, விளக்கு எரிந்தால் என்ன என்று அதன் மேல் ஒரு சின்ன மாதா ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். கோயில் திருவிழாவில் கொடுத்த ஸ்டிக்கர், அளவு கச்சிதமாக இருந்தது. வண்டியில் ஏறுகிறவர்கள் பக்தியான அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். மாதாவுக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு நடுவில்தான் உனக்குப் பெண் பேசியிருந்த மெர்சி வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். உனக்கு அந்தப் பெண்ணை எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டே தடவை பார்த்திருந்தாய், அதற்குள் புதுச் சட்டை மூன்று வாங்கியிருந்தாய். மெர்சி, அவளுடைய அப்பா, அம்மா மூன்று பேரையும் சேலத்தில் ஏற்றிக்கொண்டு நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அடிவாரம் தாண்டியதுமே வண்டியில் புல்லிங் இல்லை. மெதுவாகப் போனால் அப்படியே உட்கார்ந்துவிடும் போல இருந்தது. நீ கியரை இறக்கி, ஆக்ஸிலேட்டரை அழுத்தி, எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் ஒவ்வொரு வளைவாக ஏற்றினாய். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. என் கையில் ஒரு வண்டியும் அப்படிக் கத்தியதில்லை. பதினான்காவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் திரும்பி இறங்க, நீ நிறுத்தி எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தால் வண்டி வரவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். மெர்சியின் அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது நான் பேசியது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. "எஞ்சினக் கொன்னுபோடாதடா, பாவி! மாட்டு வண்டி ஓட்டக்கூட நீ லாயக்கில்ல. எறங்கு கீழ!" என்றேன். நீ இறங்கினாய். நீ இறங்கியதும் அவர்கள் மூன்று பேரும் பயந்து இறங்கினார்கள். பட்டுப்புடவையோடு அந்த அம்மா சாலையோரத்தில் நடந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நைசாக மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, மெர்சியின் அப்பாவைப் பார்த்து, "பாத்தீங்களா, என்ற பையனுக்கு மலை வண்டி வராதுங்க. அவசரக்குடுக்கை" என்று சிரித்தேன். நாலு ஆள் பாரம் இறங்கின பிறகு வண்டி ஏறாமல் என்ன செய்யும்? அது அன்றைக்கு என் மண்டைக்கு எட்டவில்லை. என் திறமை என்று நினைத்தேன். நீ மெர்சிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாய்.

போன மாதம் அந்த வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அணைய ஆரம்பித்தது. நீ எப்போதோ சொன்ன சேலத்துப் பழனியின் பட்டறைக்கு, வேறு வழியில்லாமல், மெல்ல உருட்டிக்கொண்டு போனேன். பழனி ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இது ஆயிலுங்களா, கருப்பட்டிப் பாகுங்களா?"

"மலைக்குக் கெட்டி ஆயிலுதானுங்களே தாங்கும்" என்றேன். அப்போதும் வீறாப்புதான்.

அவர் சிரிக்கவில்லை. எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கட்டைவிரல் அளவுள்ள ஒரு சாமானைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஒரு குட்டிச் சல்லடை. ஓட்டையே தெரியாத அளவுக்குக் கறுப்பாக அடைத்திருந்தது. "இதுல ஆயிலு போனாத்தானுங்க உங்க வண்டி மலை ஏறும்" என்றார். பழைய டயர் மேல் உட்கார வைத்து, சிறு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். என் வாழ்க்கையில் ஒருவர் பேசி நான் நடுவில் குறுக்கிடாமல் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். எஞ்சினுக்குள் காற்று வர ஒரு கதவு, புகை போக ஒரு கதவு. அதுதான் வால்வு. கதவைத் திறந்து மூடுவது மேலே சுற்றுகிற கேம் ஷாஃப்ட். என் பழைய வேனில் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை எஞ்சினைச் செய்யும்போதே முடிவு பண்ணிவிட்டார்கள். ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஒரே கணக்கு. ஆனால் காற்றுக்கு ஒரே கணக்கு சரிப்படாதாம். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது காற்று ஓட்டமாக ஓடி வருகிறது, கதவைக் கொஞ்சம் தாமதமாகச் சாத்தினால் வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே புகுந்துகொள்ளும். பாரத்தோடு மெதுவாக மலை ஏறும்போது சீக்கிரமே சாத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வந்த காற்றையே பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். எனக்கு இது ஹாரன் கணக்காகத்தான் புரிந்தது. மெதுவாகப் போகிறவன் வளைவுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால் போதும், வேகமாக வருகிறவன் எவ்வளவோ முன்னாலேயே அடிக்க வேண்டும். எல்லாரும் ஒரே மைல்கல்லில்தான் அடிப்பேன் என்று நின்றால் என்ன ஆகும்? நான் சாயந்திரம் வேனை முடித்து வரும்போது நம் வீட்டுக்கு முந்தின வளைவில் ஹாரன் அடிப்பேனே, நீ ஓடி வந்து கேட்டைத் திறப்பாயே, அது நினைவுக்கு வந்தது.

புது எஞ்சினில் இந்த நேரத்தை ஓட ஓட மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கேம் ஷாஃப்ட்டின் நுனியில், செயின் சுற்றுகிற சக்கரத்துக்குள் சின்னச் சின்ன அறைகள். வேகம் என்ன, பாரம் என்ன என்று கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லச் சொல்ல, அந்தக் கட்டைவிரல் சாமான் ஆயிலை இந்தப் பக்க அறைக்கோ அந்தப் பக்க அறைக்கோ அனுப்புகிறது. ஆயிலின் அழுத்தம்தான் கேம் ஷாஃப்ட்டை ஒரு துளி முன்னாலோ பின்னாலோ திருப்புகிறது. கதவு முந்தியும் பிந்தியும் திறந்து மூடுவது அதனால்தான். உள்ளே ஒரு வேலையே ஆயில்தான் செய்கிறது என்று நீ சொன்னது இதைத்தான். என் கெட்டி ஆயில் அந்த ஊசித் துவாரங்களில் நுழைய முடியாமல் முக்கி, நாள்பட்டுக் கசடாகி, சல்லடையை அடைத்துவிட்டது. கேம் ஷாஃப்ட் வேகத்துக்கான இடத்திலேயே மாட்டிக்கொண்டது. மெதுவாக ஏறுவதற்குச் சக்தியே இல்லை, கத்தவிட்டால் மட்டும்தான் கொஞ்சம் இழுக்கும். பனியில் கேட்ட அந்தக் கடகட சத்தம், ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமானதால் வந்தது. அதற்கு மருந்தாக நான் இன்னும் கெட்டியை ஊற்றியிருக்கிறேன்!

அப்படியென்றால், பதினான்காவது வளைவில் நீ எஞ்சினைக் கத்தவிட்டதுதான் சரி. அந்த வண்டியை வேறு எப்படியும் ஓட்டியிருக்க முடியாது. நீ நன்றாகத்தான் ஓட்டினாய், கண்ணு. நொந்துபோயிருந்த எஞ்சினை வைத்துக்கொண்டு ஐந்து பேரைப் பதினான்கு வளைவு ஏற்றினாய்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பழனி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். தூசி தட்டினார். மேலே உன் கையெழுத்தில் உன் பேர். "தம்பி ரெண்டு வருசத்துக்கு முந்தியே இந்த சாமானை வாங்கி வெச்சுப்போட்டுப் போனாருங்க. வண்டியோட நோவு இன்னதுன்னு கரெக்டா சொன்னாரு. கொண்டாங்க, மாட்டிர்லாம்னேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்கண்ணா, பொண்ணூட்டுக்காரங்களுக்கு முன்னால அத்தன பேசிட்டாங்க, இப்ப ஆயிலுதான் காரணம்னு சொன்னா அவங்களுக்கு அவமானமாப் போயிரும்னாரு. அப்பறம் வரவே இல்லீங்க." நான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த டயர் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அழுதேன். பட்டறையில் இருந்தவர்கள் வண்டி போய்விட்டதற்காக அழுகிறேன் என்று நினைத்து, சரியாகிடுமுங்க, சரியாகிடுமுங்க என்று தேற்றினார்கள்.

இப்போது இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இது பழனிக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. மெர்சி வீட்டில் வேண்டாம் என்று சொன்னதை நம் கோயில் உபதேசியார்தான் வந்து சொன்னார். வாசலில் நின்று சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். "பையன ஒரு கொறை சொல்லலீங்க அவிய. நாலு பேருக்கு முன்னால பெத்த பையனையே இப்படிப் பேசற ஊட்டுல, என்ற பொண்ணு என்ன பாடுபடுவாளோன்னு அவங்கப்பா பயப்படறாருங்க." அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். நீ எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாய். "நீ வண்டி ஓட்டின லட்சணத்தப் பாத்துப்போட்டு வேண்டாம்னுட்டாங்க" என்று சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் நீ என்னை வெறுத்துவிடுவாயோ என்று பயம். நீ மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போனாய். அதன் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், கண்ணு. அவர் மன்னித்துவிட்டார். அவருக்கென்ன, மெர்சியை இழந்தது அவர் இல்லையே. அதனால் உன்னிடம் சொல்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றது உன்னை அல்ல, என்னை. நீ உன்னைப் பற்றி இந்த இரண்டு வருஷம் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாயோ, அதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

ஆயில் விஷயத்தை ஒண்டிக்கடை ஸ்டாண்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். மெர்சி வீட்டார் போன பிறகு, உனக்கு மலை வண்டி வராது என்று இவர்களிடமும் சொல்லிச் சிரித்திருந்தேன், அதே இடம். சிரித்தார்கள், சிரிக்கட்டும். இரண்டு பேர் மட்டும் சத்தமில்லாமல் தங்கள் வண்டியின் ஆயிலைப் பார்க்கப் போனார்கள். மாதா ஸ்டிக்கரையும் எடுத்துவிட்டேன், பசை மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கசடையெல்லாம் கழுவி, நீ வாங்கி வைத்த சாமானைப் பழனி மாட்டினார். வண்டி இப்போது பேச்சுமூச்சில்லாமல் மலை ஏறுகிறது. அதில் ஏறும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நிர்மலாவோடு நீ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும். அவள் என்றைக்காவது குரலை உயர்த்தினால், கத்தாதே என்று சொல்வதற்கு முன்னால், எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார். அடைத்தது நீயாகவே இருந்தாலும் பார். புத்திமதி வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன், பார், வந்துவிட்டது.

நீ வரச்சொன்னபடி ஓசூருக்கு வருவேன். கோயிலில் எந்த பெஞ்சில் உட்காரச் சொல்கிறாயோ அதில் உட்காருவேன். அதற்கு மேல் கேட்க உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை அவளை இங்கே கூட்டி வா. கார் பழனி பட்டறையில் நிற்கும், சாவி அவரிடம் இருக்கும். நீயே ஓட்டி வா. நான் கூட வரமாட்டேன், வந்தால் பதினான்காவது வளைவில் வாய் திறந்துவிடுவேன். வீட்டிலேயே இருக்கிறேன்.

கேட் சத்தம் போடாது, உன் ஆயில்தான் காரணம். அதனால் நீ வருவது எனக்குத் தெரியாது. ஹாரன் அடி. நான் அடிக்கிற அந்த வளைவில் அடிக்காதே, கண்ணு, அது உன் காலுக்கு வைத்த கணக்கு. அதற்கும் இரண்டு வளைவு முன்னாலேயே அடி. இந்த முழங்காலோடு எழுந்து வந்து கேட்டைத் திறக்க எனக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

உன் அம்மா